கடலைப்பருப்பு இல்லையா? தட்டைப்பயறில் மசால் வடை சுடலாம்

மசால் வடைக்குக் கடலைப்பருப்புதான் என்று நினைத்துக்கொண்டு, டப்பா நிறையத் தட்டைப்பயறு கிடக்கும்போதே கடைக்கு ஓடுகிறோம். காராமணி, தட்டாம்பயறு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் அந்தப் பயறே போதும்.

ஒரு கப் பயறை 5, 6 மணி நேரம் ஊறவைக்கவும். ஒன்றை எடுத்து நகத்தால் கிள்ளிப் பாருங்கள், நடுவில் கெட்டியாக இல்லாமல் பட்டென்று உடைய வேண்டும். இராத்திரி முழுக்க ஊறவிட்டால் மாவு சொதசொதவென்று போய்விடும், இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்டது. அப்புறம் தண்ணீரை வடித்துவிட்டு, வடிதட்டிலேயே ஒரு கால் மணி நேரம் கிடக்கட்டும். இதற்குச் சோம்பல்பட்டால் அந்த ஈரமெல்லாம் மாவில் இறங்கி வடை எண்ணெயைக் குடித்துத் தள்ளும்.

ஒரு கைப்பிடியைத் தனியே வைத்துவிட்டு மீதியை 3 காய்ந்த மிளகாய், சோம்பு, இஞ்சித் துண்டு, உப்போடு சேர்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் மிக்சியில் விட்டு விட்டு ஓட்டவும். கொரகொரப்பாக இருந்தால் போதும். எடுத்துவைத்த பயறையும் கறிவேப்பிலையையும் சேர்த்துப் பிசையுங்கள். வெங்காயம் மட்டும் கடைசியில், எண்ணெய் காய்ந்த பிறகு. முன்பே போட்டால் உப்புப் பட்டு நீர் விடும். தட்டும்போது உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் அரிசி மாவு, அதற்கு மேல் வேண்டாம், வடை விறைத்துவிடும். தீ மிதமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மேலே கருகி உள்ளே பச்சை வாடை அடிக்கும்.

நைஜீரியாவில் இதே பயறைத் தோல் நீக்கி, நைசாக அரைத்து, காற்று ஏறும்படி நன்றாக அடித்து, எண்ணெயில் கரண்டியால் விட்டுப் பொரிப்பார்கள். அக்கரா என்று பெயர். போண்டா மாதிரி மெத்தென்று வேண்டுமானால் அந்த வழிக்குப் போங்கள், தோல் உரிக்கப் பொறுமை இருந்தால்!

பச்சைப்பயறு என்றால் 4 மணி நேரம் ஊறினால் போதும். கொள்ளு முரட்டுச் சாமான், 8 மணி நேரமாவது ஊற வேண்டும், தனியாகச் சுட்டால் கல் மாதிரி இருக்கும் என்பதால் பாதிக்குப் பாதி தட்டைப்பயறோ கடலைப்பருப்போ கலந்துகொள்ளுங்கள். காய்ந்த மொச்சையை இராத்திரியே ஊறப்போட்டு, காலையில் தோலைப் பிதுக்கிவிட்டு அரைக்கவும்.

உளுந்து வடைக்கு மட்டும் இந்த வேலையெல்லாம் செல்லாது. அந்த வழவழப்பு வேறு எதிலும் வராது.