அரசு அலுவலகத்தின் பயணச் செலவும் பேப்பர் செலவும்: ஆர்டிஐ-யில் கேட்பது எப்படி?

உங்கள் ஊர் தாலுகா ஆபீஸிலோ யூனியன் ஆபீஸிலோ அதிகாரிகள் வெளியே போய்வர வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது, தினமும் வாங்கும் பேப்பருக்கு எவ்வளவு போகிறது என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அதற்குத்தான் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம்கூடச் சொல்ல வேண்டாம், பிரிவு 6(2).

முதலில் அந்தத் துறையின் மானியக் கோரிக்கையை, அதாவது எந்தச் செலவுக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று சட்டமன்றத்தில் வைக்கும் கணக்கை, பாருங்கள். பட்ஜெட்டோடு நிதித்துறை அதை இணையத்தில் போடுகிறது. பயணச் செலவு அதில் தனித் தலைப்பாகவே வரும். பேப்பர் அப்படி வராது, பெரும்பாலும் அலுவலகச் செலவுக்குள் மற்ற சில்லறைச் செலவுகளோடு கலந்து கிடக்கும், அதனால்தான் அதைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, இப்போது கேள்வி. பலரும் சறுக்குவது இங்கேதான். என் முதல் மனுவில் பத்து வருடத்துப் பயண விவரம் முழுவதையும் கேட்டேன், "அவ்வாறு தொகுத்து வைக்கப்படவில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஒரு அலுவலகம், ஒரு நிதியாண்டு, அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் பதிவேடு. இதைத் தாண்டாதீர்கள். இப்படி எழுதலாம்:

1. 1.4.2024 முதல் 31.3.2025 வரை வழங்கிய சுற்றுப்பயணப்படியின் மொத்தத் தொகை, பதவி வாரியாக.
2. ஜூன் 2024-க்கான பயணப்படிப் பட்டியல்கள், அதே மாத ஜீப் லாக் புக், இரண்டின் நகல்.
3. அந்த ஆண்டில் வாங்கிய நாளிதழ், வார இதழ்களின் பெயர், பிரதி எண்ணிக்கை, செலுத்திய தொகை.
4. பழைய பேப்பரை விற்று அரசுக் கணக்கில் கட்டிய தொகை, சலான் நகல்.

நான்காவதை விட்டுவிடாதீர்கள், பேப்பரை எடைக்குப் போட்ட காசும் அரசுப் பணம்தான். ஆள் பெயர் கேட்காமல் பதவியைக் கேளுங்கள், இல்லாவிட்டால் தனிநபர் தகவல் என்று அதே சட்டத்தின் பிரிவு 8(1)(j)-ஐக் காட்டி மறுத்துவிடுவார்கள்.

"பொதுத் தகவல் அலுவலர்" என்று முகவரி எழுதி, மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கிற மாதிரி தபாலில் அனுப்புங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். பக்கம் அதிகம் என்றால் நேரில் பார்க்கிறேன் என்று கேளுங்கள், முதல் ஒரு மணி நேரம் இலவசம்.

30 நாளுக்குள் பதில் வர வேண்டும், தாண்டினால் நகலை இலவசமாகவே தர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் அரைகுறையாக இருந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அங்கும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

பதில் வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்துக் கொதிக்க வேண்டாம். வெள்ளம் வந்த மாதத்தில் பயணச் செலவு ஏறத்தான் செய்யும், அந்த மாதம் ஜீப் ஓடாமல் நின்றிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்புறம் லாக் புக்கையும் பயணப்படிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். லாக் புக்கில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புறப்பட்ட கிலோமீட்டர், திரும்பிய கிலோமீட்டர், போன இடம், காரணம் எல்லாம் இருக்கும். ஒருவர் ஆபீஸ் ஜீப்பில் போன அதே நாளில், அதே ஊருக்குப் பட்டியலில் பஸ் கட்டணமும் எழுதியிருந்தால் தேதியைக் குறித்துக்கொண்டு, அந்த ஒரு பயணத்தைப் பற்றி மட்டும் அடுத்த மனுவைப் போடுங்கள்.