பாலம் தாண்டுற நேரத்துக்கு 12 பாட்டு: இண்டி ராக் மிக்ஸ் முதல் தடவ செய்றவங்களுக்கு

என் சித்தி மக பினாங்குல, கடலுக்கு இந்தப் பக்கம் பிறையில இருக்கா, வேல பினாங்கு பாலம் தாண்டி தீவுல பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில, பெரும்பாலும் நைட் ஷிப்ட். நான் இங்க கோலாலம்பூர்ல, அதான் கேஎல்ல, செந்தூல்ல. போன வருஷம் ஒரு நாள் ஃபோன்ல பேசும்போது "அண்ணே, நீங்க எப்பப் பாத்தாலும் கேக்குறீங்களே அந்த கித்தார் பாட்டு, எனக்கும் கொஞ்சம் அனுப்புங்க, பஸ்ல தூக்கம் வர மாட்டேங்குது"ன்னு கேட்டா. எனக்கு சந்தோஷம் தாங்கல, அன்னிக்கி ராத்திரியே உக்காந்து 47 பாட்டு சேத்து லிங்க் அனுப்பிட்டேன். ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா 3 பாட்டுதான் கேட்டிருக்கா, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலயாம்.

தப்பு என்னோடது. எனக்குப் பிடிச்சதயெல்லாம் அள்ளிப் போட்டா அது என் அலமாரி, அவளுக்குன்னு பொறுக்கி வரிசையா வச்ச லிஸ்ட்டு, அதாவது மிக்ஸ், இல்ல. ரெண்டாவது தடவ வேற மாதிரி செஞ்சேன், அதத்தான் இங்க எழுதுறேன். இண்டி ராக்னா என்னன்னே தெரியாதவங்களுக்கும் சேத்து ஒரு வரி சொல்லிடுறேன்: பெரிய கம்பெனிங்கள நம்பாம சின்ன லேபிள்லயோ சொந்தமாவோ பாட்டு வெளியிடுற பேண்டுங்க, கித்தார் முன்னாடி நிக்கும், குரல் கொஞ்சம் கரடுமுரடா இருந்தாலும் அப்படியே விட்டுருவாங்க. எனக்கு அதுல பிடிச்சதே அந்த விட்டுர்றதுதான்.

1. ஒரு ஆளு, ஒரு வழி

முதல்ல யாருக்குன்னு முடிவு பண்ணுங்க, "எல்லாருக்கும்"னு சொல்லாதீங்க. ஒரே ஒரு ஆளு. அப்புறம் அவங்க எங்க உக்காந்து கேப்பாங்கன்னு கேளுங்க. மோட்டோல போறவங்களுக்கு வேற, சமையல்கட்டுல நிக்கிறவங்களுக்கு வேற, பஸ்ல ஜன்னலோரம் உக்காந்திருக்கவங்களுக்கு வேற.

நான் தங்கச்சிகிட்ட கேட்டப்ப சொன்னா, காலைல ஏழு மணிக்கு ஷிப்ட் முடியும், கம்பெனி பஸ் ஏறுனா ஃபேக்டரி கேட்லேர்ந்து பாலம் ஆரம்பிக்கிற வரைக்கும் 12, 13 நிமிஷம், அப்புறம் பாலம், அப்புறம் அங்கங்க ஆள இறக்கிவிட்டு வீடு வந்து சேர மொத்தம் முக்கா மணி நேரம். அந்த நேரத்துல தீவுக்குள்ள வர்ற பக்கம்தான் ஜாமு, இவ பஸ் எதிர்ப்பக்கம் போறதால ஒரே வேகத்துல போயிரும். இதயெல்லாம் கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டேன். இவ்வளவு தேவையான்னு நெனக்காதீங்க, இதுலதான் மிக்ஸே இருக்கு.

2. முக்கா மணி நேரம், அதுக்கு மேல வேணாம்

எங்க மாமா காலத்துல இது தானாவே நடந்துருச்சு, ஏன்னா 90 நிமிஷ கேசட்ல ஒரு பக்கம் 45 நிமிஷம்தான். அப்ப நம்ம மலேசியத் தமிழ் ரேடியோ மின்னல் எஃப்எம்முக்கு ரேடியோ ஆறுன்னு பேரு, மாமா ரேடியோ பக்கத்துல விரல ரெக்காட் பட்டன் மேல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு, அறிவிப்பாளர் யாருக்காக யாரு விரும்பிக் கேட்ட பாட்டுன்னு பேரு படிச்சு முடிச்ச உடனே அமுக்குவாரு, டேப் முடியப் போகுதுன்னா எந்தப் பாட்ட விடுறதுன்னு யோசிப்பாரு. இப்ப பாட்டு கேக்குற ஆப் ஸ்பாட்டிஃபைல ஒரு லிஸ்ட்ல 10,000 பாட்டு வரைக்கும் போடலாம், அதனால விடுறதுங்கற யோசனையே நமக்கு வர்றதில்ல.

நீங்களா ஒரு அளவு வச்சுக்குங்க. 12 பாட்டு, 45 நிமிஷம். ஒரு பாட்டு சராசரியா மூணே முக்கால் நிமிஷம்னா சரியா வரும். மொதல்ல 30 பாட்டு எடுத்து வச்சுட்டு அப்புறம் கழிங்க, கழிக்கும்போது ஒரே கேள்வி: இந்த ஆளு இந்தப் பாட்ட முழுசாக் கேப்பாங்களா? எனக்கு ரொம்பப் பிடிச்ச 2 பாட்டு இந்தக் கேள்வியிலயே போயிருச்சு, மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு.

3. பாட்டு எங்க தேடுறது

சமீபத்துப் பாட்டுன்னா பேண்ட்கேம்ப் தளம் நல்லா இருக்கும், 2008லேர்ந்து இருக்கு, அக்கவுண்ட் இல்லாமலே பெரும்பாலான பாட்ட முழுசாக் கேக்கலாம், கோலாலம்பூர்னு ஊரு பேரு போட்டுத் தேடுனா நம்ம பக்கத்து பேண்டுங்களே வரிசையா வரும். பிடிச்சா வாங்குங்க, டிஜிட்டல் ஆல்பத்துல தளம் எடுக்குறது 15 சதவீதம்தான். 2020 மார்ச்லேர்ந்து பேண்ட்கேம்ப் ஃப்ரைடேன்னு சில வெள்ளிக்கிழமைல அந்தப் பங்கையும் எடுக்காம விட்டுர்றாங்க, நான் அந்த நாளுக்குக் காத்திருந்து வாங்குவேன். நேர்ல போகணும்னா கேஎல் கம்போங் ஆத்தாப்ல ஜோங்ஷான் பில்டிங் இருக்கு, மேல தண்டாங் ரெக்கார்ட் கடை, கேசட்டும் இசைத்தட்டும் வாங்கலாம். சனி ஞாயிறுல பெட்டாலிங் ஜெயா ஆம்கார்ப் மால்ல பழைய சாமான் சந்தையும் இருக்கு, அங்க போனா பாதி நாள் போயிரும் லா.

எல்லாமே தூர தேசத்துப் பாட்டா இருந்தா கேக்குறவங்களுக்கு ஒட்டாது. நான் சிங்கப்பூர் சப்சானிக் ஐ பேண்டு பாட்டு ஒண்ணு, 2005ல கேஎல்ல ஆரம்பிச்ச ஹுஜான் பேண்டோட மலாய்ப் பாட்டு ஒண்ணு, சென்னைலேர்ந்து எஃப்16ஸ் பாட்டு ஒண்ணு வச்சேன். ஹுஜான் புதுசு இல்லதான், ஆனா ஸ்கூல் நாள்ல கேட்ட குரல் நடுவுல வந்தா அவ கொஞ்சம் மூச்சு விட்டுக்குவா.

4. வரிசை

இங்க நேரம் எடுத்துக்குங்க. எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

மொத பாட்டு சின்னதா, உடனே ஆரம்பிக்கிறதா இருக்கணும். ஒரு நிமிஷம் மெதுவா ஏறி வர்ற பாட்ட மொதல்ல வச்சா, பழக்கமில்லாதவங்க அதுக்குள்ள வாட்சப்புக்குப் போயிருவாங்க. நான் வச்சது டொரொண்டோ பேண்டு ஆல்வேஸோட "ஃபார்மசிஸ்ட்", 2022ல வந்த "புளூ ரெவ்" ஆல்பத்துலயும் அதுதான் மொத பாட்டு. ரெண்டு நிமிஷம்தான், ஆரம்பிச்ச உடனே கித்தார் மழ மாதிரி கொட்டும், கீழ ஒரு இனிப்பான மெட்டு ஓடிக்கிட்டே இருக்கும், சினிமாப் பாட்டு கேட்டு வளந்த காதுக்கு அந்த மெட்டு ஒரு கைப்பிடி.

அடுத்த மூணும் நல்ல மெட்டு இருக்குற, மூணரை நிமிஷப் பாட்டுங்க, சண்டை போடாத பாட்டுங்க. அந்த மொத ரெண்டு நிமிஷத்தோட இந்த மூணு பாட்டையும் கூட்டுனா 12, 13 நிமிஷம் ஆச்சா, பஸ் பாலத்துகிட்ட வந்துருச்சு.

இப்ப அஞ்சாவது. பினாங்கு பாலம் 1985ல தொறந்தது, மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதுல தண்ணி மேல இருக்குறது 8.4 கிலோமீட்டர். பஸ் 60ல போனா தண்ணி மேல எட்டரை நிமிஷம் கிட்ட. எனக்கு ரொம்ப நாளா யார்கிட்டயாவது குடுக்கணும்னு ஆசையா இருந்த பாட்டு ஒண்ணு, அமெரிக்கால நார்த் கரோலினா பக்கத்து வெட்னஸ்டே பேண்டோட "புல் பிலீவர்", 2023 ஆல்பம் "ராட் சா காட்"ல வர்றது, அதுவும் எட்டரை நிமிஷம். கணக்கு போட்டுப் பாத்துட்டு நான் எந்திரிச்சு நின்னுட்டேன். அந்தப் பாட்டு கடைசில பாடுற பொண்ணு பாடுறத விட்டுட்டுக் கத்திக்கிட்டே இருக்கும், நிமிஷக் கணக்கா. அவ்வளவு நேரம் கத்துறத வீட்டுல வச்சுக் கேட்டா பக்கத்து வீட்டுக்காரங்க வந்து நிப்பாங்க, ஆனா ராத்திரி பூரா நின்னு வேல பாத்துட்டு, ரெண்டு பக்கமும் கடலு, மெதுவா வெளிச்சம் வர்ற நேரத்துல இயர்ஃபோன்ல அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

இவ்வளவு நீளமான, இவ்வளவு சத்தமான பாட்டு ஒண்ணே ஒண்ணுதான் வைக்கணும். அதுக்கு அப்புறம் கட்டாயம் கையப் பிடிச்சு இறக்கி வைக்கிற மாதிரி ஒண்ணு வரணும், நான் வாக்ஸஹாச்சியோட 2024 பாட்டு "ரைட் பேக் டு இட்" வச்சேன், கித்தார் மாதிரி இருக்குற பாஞ்சோ சத்தம், ரெண்டு குரலு, அவசரமே இல்ல. மிச்ச பாட்டுங்கள ஏத்தி இறக்கி வச்சுக்குங்க, ஒரே வேகத்துல மூணு பாட்டு தொடர்ந்து வராமப் பாத்துக்கிட்டா போதும். கடைசிப் பாட்டு வீட்டு வாசலுக்கு. டப்ளின் பேண்டு ஃபோன்டெய்ன்ஸ் டி.சி. 2024ல போட்ட "ரொமான்ஸ்" ஆல்பத்த முடிக்கிற "ஃபேவரிட்", கித்தார் மணி மாதிரி ஒலிக்கும், செருப்பக் கழட்டும்போது கேக்க வேண்டிய பாட்டு.

5. ஃபோன்ல செய்றது

அவங்க எந்த ஆப் வச்சிருக்காங்கன்னு மொதல்ல கேளுங்க. காசு கட்டாத யூடியூப்ல ஃபோன் திரை அணைஞ்சா பாட்டும் நின்னுரும், பஸ்ல அது தொல்லை. காசு கட்டாத ஸ்பாட்டிஃபைல விளம்பரம் வரும், ஆனா திரைய அணைச்சாலும் பாடும்.

ஸ்பாட்டிஃபைல கூட்டல் குறி, அதுல பிளேலிஸ்ட், பேரு வைங்க. பாட்டுப் பக்கத்துல மூணு புள்ளி இருக்கும், அத அமுக்கி ஆட் டு பிளேலிஸ்ட். வரிசை மாத்த லிஸ்ட்டத் தொறந்து எடிட் போங்க, பாட்டோட ஓரத்துல கோடு கோடா இருக்குறதப் பிடிச்சு இழுத்தா நகரும். செட்டிங்ஸ்ல கிராஸ்ஃபேட் இருக்கு, ஒரு பாட்டு அடங்கும்போதே அடுத்தது மேல ஏறி வர்றது, 12 செகண்டு வரைக்கும் வைக்கலாம், ஆனா அது உங்க ஃபோன்ல மட்டும்தான் வேல செய்யும், அவங்க ஃபோன்ல அவங்கதான் வச்சுக்கணும். எனக்கு அது வேணாம், பாட்டுக்கு நடுவுல இருக்குற அமைதியும் பாட்டுதான்.

யூடியூப்னா லிஸ்ட்ட பிரைவேட்ல விட்டுறாதீங்க, லிங்க் அனுப்புனா அவங்களுக்குத் தொறக்காது. அன்லிஸ்டெட்னு மாத்துங்க, லிங்க் இருக்கவங்க மட்டும் பாப்பாங்க. எதுல அனுப்புனாலும் வரிசைய மாத்தி மாத்திப் போடுற ஷஃபிள அணைக்கச் சொல்லுங்க, இல்லாட்டி ஒரு வாரம் உக்காந்து வச்ச வரிசையெல்லாம் வீணு.

அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ முழுசா நீங்க கேளுங்க, உக்காந்து இல்ல, அவங்க மாதிரியே போய்க்கிட்டே. நான் செந்தூல் தீமோர்ல எல்ஆர்டி ரயில் ஏறிக் கேட்டேன், 8வதும் 9வதும் ஒரே மாதிரி இருக்குறது அப்பத்தான் தெரிஞ்சுச்சு, ஒண்ண மாத்துனேன்.

6. கூட ஒரு கடுதாசி

வெறும் லிங்க் மட்டும் அனுப்பாதீங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி எழுதுங்க, வாட்சப்ல போதும். பேண்டு வரலாறெல்லாம் வேணாம். நான் அஞ்சாவதுக்கு எழுதுனது: "பாலத்துல ஏறும்போது இது வரணும், கத்துனா பயந்துறாத." இங்கிலீஷ் பாட்டு வரி புரியலன்னாலும் எதுக்காகக் குடுத்தாங்கன்னு புரிஞ்சா கேப்பாங்க.

அவ கேட்டா. மூணு நாள் கழிச்சு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, "அண்ணே, அந்தப் பொண்ணு கத்துனப்ப எனக்கும் கத்தணும் போல இருந்துச்சு, பக்கத்துல ஒரு அக்கா தூங்கிக்கிட்டு இருந்தாங்க, அதனால ஜன்னலப் பாத்துக்கிட்டே இருந்தேன்." அப்புறம் அந்த லிஸ்ட்டுல அவளையும் சேத்துவிட்டேன், அதுக்கு லிஸ்ட்டுல இன்வைட்னு ஒண்ணு இருக்கு, லிங்க் அனுப்புனா அவங்களும் பாட்டு போடலாம். அவ ஒண்ணே ஒண்ணுதான் போட்டா, சித்தி சமைக்கும்போது முணுமுணுக்கிற பழைய தமிழ்ப் பாட்டு, அத வெட்னஸ்டே கத்தி முடிக்கிற எடத்துல, 6வதா. வாக்ஸஹாச்சி 7க்கு எறங்கிருச்சு. அந்த வரிசையில நானும் ஒரு நாள் ரயில்ல கேட்டேன், அதுக்கப்புறம் எதயும் நகத்தல.