பாஷ் ஸ்கிரிப்டில் ட்ரூ, ஃபால்ஸ்: எப்படி எழுதினால் ஏமாறாமல் இருக்கலாம்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வரில் பழைய பேக்கப் ஃபைல்கள் மொத்தமும் காணாமல் போயின. அழித்தது நான் எழுதிய ஸ்கிரிப்ட். ‘டெலீட்’ என்று ஒரு வேரியபிள் வைத்து, அதற்கு ‘ஃபால்ஸ்’ என்று மதிப்பு கொடுத்திருந்தேன். பட்டியலை மட்டும் காட்டு, எதையும் தொடாதே என்று அர்த்தம். கீழே இஃப் வரியில் [ $டெலீட் ] என்று எழுதியிருந்தேன். பாஷ் (டெர்மினலில் நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ப்ரோகிராம்) நேராக உள்ளே போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

(கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

ஒற்றைச் சதுர அடைப்புக்குள் ஒரே ஒரு சொல் இருந்தால், அது காலியா இல்லையா என்பதை மட்டும்தான் பாஷ் பார்க்கும். ‘ஃபால்ஸ்’ காலி இல்லை, அதனால் உண்மை. [ 0 ] என்று எழுதினாலும் உண்மைதான்.

பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் உண்மை, பொய்க்கென்று தனி டேட்டா டைப் உண்டு. பாஷில் அப்படி ஒன்று கிடையாது. பாஷின் இஃப் ஒரு கட்டளையை ஓட்டும். அது முடியும்போது விட்டுப்போகிற எண்ணைப் பார்க்கும். 0 வந்தால் உண்மை, 1 முதல் 255 வரை எது வந்தாலும் பொய். ட்ரூ, ஃபால்ஸ் இரண்டுமே கட்டளைகள். டெர்மினலில் ட்ரூ என்று அடித்து என்டர் தட்டுங்கள், அப்புறம் எக்கோ $? என்று கேளுங்கள்: 0 வரும். ஃபால்ஸுக்கு 1 வரும். சதுர அடைப்பும் ஒரு கட்டளைதான், அதனால்தான் அதை ஒட்டி இடைவெளி விடாவிட்டால் பாஷ் சண்டைக்கு வருகிறது.

0 எப்படி உண்மையாகும் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். வேலை சரியாக முடிந்தது என்று சொல்ல ஒரு எண் போதும். முடியவில்லை என்றால் ஏன் என்று தெரிய வேண்டும், அதற்குப் பல எண்கள் வேண்டும். 127 என்றால் அப்படி ஒரு கட்டளையே கிடைக்கவில்லை. 126 என்றால் கிடைத்தது, ஆனால் ஓட்ட முடியவில்லை. ஃபைலுக்குள் சொல் தேடும் கட்டளையான கிரெப், தேடிய சொல் கிடைத்தால் 0 தரும், கிடைக்காவிட்டால் 1, ஃபைலையே திறக்க முடியாத மாதிரி கோளாறு என்றால் 2. இந்த 1-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

சரி, வேரியபிளில் எப்படி வைப்பது? நான் இப்போது எழுதுவது இதுதான்: மேலே டெலீட்=ஃபால்ஸ், சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி இல்லாமல். கீழே இஃப் [[ $டெலீட் = ட்ரூ ]], இங்கே இடைவெளியோடு. ‘ட்ரூ’ என்ற சொல் எழுத்துக்கு எழுத்து இருந்தால் மட்டுமே உள்ளே போகும். வேரியபிள் காலியாக இருந்தாலும், யாராவது தப்பாக அடித்திருந்தாலும், அழிக்காமல் நின்றுவிடும்.

அடைப்பே இல்லாமல் இஃப் $டெலீட் என்று சுருக்கமாக எழுதுகிறவர்கள் நிறையப் பேர். பார்க்க அழகாக இருக்கும், தயவுசெய்து எழுதாதீர்கள். வேரியபிளில் உள்ள சொல்லையே பாஷ் கட்டளையாக ஓட்டுகிறது. வேரியபிள் காலி என்றால் ஓட்ட ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாததை வெற்றி என்று கணக்கில் எடுத்து உள்ளே போய்விடும். மதிப்பை வெளியிலிருந்து யாராவது கொடுத்தால், அவர் கொடுத்த கட்டளை உங்கள் சர்வரில் ஓடும்.

எண்கள்தான் பிடிக்கும் என்றால் 1, 0 வைத்து இரட்டை வட்ட அடைப்பில் (( $டெலீட் )) என்று பாருங்கள். இதற்குள் கணக்கு வழக்கம்போல: 1 உண்மை, 0 பொய். ஒரு இடத்தில் மட்டும் கவனம். ஸ்கிரிப்டின் தலையில் செட் -ஈ (ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நிறுத்து என்று அர்த்தம்) போட்டிருந்து, 0-வில் இருக்கும் ‘எண்ணி’ என்ற வேரியபிளை ((எண்ணி++)) என்று கூட்டினால் ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே நின்றுவிடும். கூட்டுவதற்கு முந்தைய மதிப்பான 0 விடையாக வருகிறது, பாஷ் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறது. எண்ணி=$((எண்ணி+1)) என்று எழுதினால் தொல்லை இல்லை.

ஃபங்ஷனிலிருந்து பதில் அனுப்பும்போது ரிட்டர்ன் 0 என்றால் ஆம், ரிட்டர்ன் 1 என்றால் இல்லை. ரிட்டர்ன் ட்ரூ என்று எழுதினால் எண் கொடு என்று பிழை காட்டும்.

ஆட்கள் ‘யெஸ்’, ‘ஒய்’, ‘ஆன்’, ‘1’ என்று விதவிதமாகக் கொடுப்பார்கள். ஸ்கிரிப்டின் வாசலிலேயே ஒரு கேஸ் (வந்த சொல் எது என்று பார்த்து வழி பிரிக்கும் அமைப்பு) வைத்து, இவை எல்லாவற்றையும் ‘ட்ரூ’ என்று மாற்றிவிடுங்கள். ‘நோ’, ‘ஆஃப்’, ‘0’ எல்லாம் ‘ஃபால்ஸ்’. இரண்டிலும் சேராத சொல் வந்தால் பிழை சொல்லி வெளியேறட்டும், ஊகிக்க வேண்டாம்.

எழுதி முடித்ததும் மதிப்பு ட்ரூ, மதிப்பு ஃபால்ஸ், வேரியபிளே இல்லாமல் என்று மூன்று முறை ஓட்டுங்கள், ஒவ்வொரு முறையும் டெஸ்ட் ஃபோல்டரில் மூன்று வெற்று ஃபைல்கள் இருக்கும்படி பார்த்துக்கொண்டு. முதல் தடவை மட்டும் ஃபைல்கள் போக வேண்டும். மூன்றாவது ஓட்டத்தை நான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் ஒருமுறைகூட விட்டதில்லை.