வயிற்றுக் கொழுப்பு தரும் ஆபத்தை அளந்தறிவது எப்படி?

உடல் பருமன் உள்ளவர்களில் பலர் எடை பார்க்கும் இயந்திரம் காட்டும் ஓர் எண்ணையே நினைத்து வருந்துகிறார்கள். ஆனால் நீரிழிவும் மாரடைப்பும் நெருங்குகின்றனவா என்பதை அறிய, கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வயிற்றுக்குள் குடலைச் சுற்றியுள்ள கொழுப்பணுக்கள் அளவுமீறிப் பருக்கும்போது சில மடிந்துபோகின்றன. அவற்றை அப்புறப்படுத்த வரும் மேக்ரோபேஜ் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள், நுண்ணோக்கியில் கிரீடம் சூட்டியது போலத் தெரியுமளவுக்கு, மடிந்த அணுவைச் சூழ்ந்துகொள்கின்றன. பருமன் கூடக்கூட இவையும் கூடுவதை 2003-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. இவை சுரக்கும் டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற பொருட்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. இது காய்ச்சலோ வலியோ இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அழற்சி என்பதால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிட முடியாது.

வயிற்றுச் சுற்றளவை அளக்க, காலையில் வெறும் வயிற்றில் தையல் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, துணியை விலக்கி, தரைக்கு இணையாக, தோலை அழுத்தாமல் சுற்றி, இயல்பாக மூச்சை விட்டபின் அளவைப் படியுங்கள். தொப்பைக்குக் கீழே பேண்ட் நிற்கும் இடத்தில் அளப்பதும், வயிற்றை எக்கிக்கொள்வதும் அளவைக் குறைத்துக் காட்டும். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. எல்லை.

அடுத்து, ரத்தப் பரிசோதனை அறிக்கை. வெறும்வயிற்றுச் சர்க்கரை 100, ட்ரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு 150, ரத்த அழுத்தம் 130/85 ஆகியவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ குறித்துக்கொள்ளுங்கள். நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் மட்டும் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே போகக் கூடாது. வயிற்றுச் சுற்றளவையும் சேர்த்து, ஐந்தில் மூன்று தவறினால் அது வளர்சிதை மாற்றக் கோளாறு. மருத்துவரைத் தள்ளிப்போடாமல் பாருங்கள். அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையை அவர் எழுதிக் கொடுத்தால், சளி, காய்ச்சல் இருக்கும் நாட்களில் செய்துகொள்ள வேண்டாம். அப்போது அளவு தானாகவே ஏறியிருக்கும்.

எடை இறங்கவில்லையே என்று நடைப்பயிற்சியைக் கைவிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள் உணவைத் திருத்தி, தினமும் அரை மணி நேரமாவது விறுவிறுப்பாக நடந்தபோது, எடை பெரிதாகக் குறையாமலே நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும், மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குங்கள்.