கயிறு திரிக்க உட்காரும் முன்

கண்ணபுரமோ அந்தியூரோ, மாட்டுச் சந்தை என்றால் கயிற்றுக் கடை இல்லாமல் இருக்காது. அங்கே பிடிகயிற்றுக்குப் பேரம் பேசும் முன் ஒரு முழம் திரித்துப் பாருங்கள். எங்கே கை தவறும் என்று இங்கே.

முதல் தவறு நாரிலேயே. பொள்ளாச்சிப் பக்கத்து மில்களில் பெரும்பாலும் காய்ந்த தேங்காய் மட்டையை உரித்த பழுப்பு நார்தான் கிடைக்கும். கேரளத்துக் காயலோரத்தில் பச்சை மட்டையை மாதக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் வெள்ளை நாரைப் போல இது கைக்கு மசியாது. மெத்தைக்குப் போகும் குட்டை நாரைத் தள்ளிவிட்டு, ஒரு சாணுக்குக் குறையாததாகப் பொறுக்குங்கள். தூளை உதறிவிட்டுக் கால் மணி நேரம் ஊறவைத்துப் பிழியுங்கள். சொட்டச் சொட்டத் திரித்தால் உப்பிய நார் காய்ந்ததும் சுருங்கி, கயிறு லொடலொடவென்று ஆகிவிடும்.

கயிறாகச் சேரும் இரண்டு நார் இழைகளுக்குப் புரி என்று பெயர். இரண்டு புரியையும் ஒரே பக்கம் முறுக்கி அதே பக்கமே சேர்ப்பதுதான் பலரும் செய்வது. கையை விட்டதும் பிரிந்துவிடும். சரியான முறை இது: தள்ளியிருக்கும் புரியை உங்களுக்கு எதிர்ப்புறமாக முறுக்குங்கள். அதை மற்றதன் மேலாக உங்கள் பக்கம் இழுத்துப் போடுங்கள். இப்போது தள்ளி நிற்பது அடுத்த புரி, அதையும் அப்படியே. புரி பிரியப் பார்க்கும்போது, இரண்டு புரியும் ஒன்றையொன்று சுற்றும் மேல்முறுக்கு இறுகும், மேல்முறுக்கு பிரியப் பார்த்தால் புரி இறுகும். கயிறு நிற்பது இந்த இழுபறியில்தான். முடிச்சோ பசையோ வேண்டியதில்லை.

அறுந்துபோகும் கயிறு பெரும்பாலும் ஒட்டுப்போட்ட இடத்தில்தான் அறுகிறது. நாரை நட்டநடுவில் மடித்துத் தொடங்கினால் இரண்டு புரியும் ஒரே இடத்தில் தீரும், ஒட்டும் அங்கேயே விழும். மூன்றில் ஒரு பங்கில் மடியுங்கள். புரி முழுதாகத் தீரும்வரை காத்திருக்காமல், நாலு விரல் மிச்சமிருக்கும்போதே புது நாரை நுனி மெலிய வைத்துச் சேர்த்து முறுக்குங்கள். அடுத்த புரியின் ஒட்டு ஒரு சாணாவது தள்ளி வரட்டும். திரிக்கத் திரிக்க நீளம் குறையும்; ஒரு மீட்டர் கயிற்றுக்குப் புரி ஒன்றே கால் மீட்டருக்குக் குறையக் கூடாது.

கத்தாழை மடலில் நார் எடுப்பவர்கள் வெறுங்கையால் சீவாதீர்கள், சாறு பட்டால் அரிப்பு லேசில் அடங்காது. நன்றாக அலசிக் காயவைத்த பிறகு பயமில்லை.

திரித்து முடித்ததைச் சுருட்டி வைக்காமல் இரண்டு கம்பத்துக்கு நடுவே இழுத்துக் கட்டிக் காயவிடுங்கள். பிறகு இரு நுனியையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டால் வளைவு அப்படியே நிற்க வேண்டும். தானாகச் சுருண்டுகொண்டால் புரியின் முறுக்கும் மேல்முறுக்கும் இன்னும் சமமாகவில்லை.