பதினொரு கணினி, ஒரு பென் டிரைவ்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு கணக்காளர் கந்தோர் இருக்கிறது. பதினொரு கணினி, ஒரு பழைய போட்டோகொப்பி மெஷின், மூலையில் தூசி மூடிய ஒரு சுவிட்ச். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிகிறது என்று அங்குள்ள ஐயாவுக்கு ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "பார்ப்பம் பிள்ளை" என்பார். தீபாவளியும் கழிந்த பிறகு அவரே விண்டோஸ் 11 போடச் சொல்லிக் கூப்பிட்டார். சனி பின்னேரம் கந்தோர் பூட்டியதும் தொடங்கலாம், திங்கள் காலை எட்டரைக்கு எல்லாம் ஓட வேண்டும்.

"அக்கா, பென் டிரைவைக் குத்திவிட்டு வீட்டை போகலாம்தானே?" என்று கேட்டான் என்னோடு வேலை செய்யும் பெடியன். போகலாம். ஆனால் ஞாயிறு காலை வந்து பார்க்கும்போது பாதி கணினிகள் ஏதோ ஒரு கேள்வியைத் திரையில் போட்டுவிட்டுக் காத்திருக்கும். இந்த வேலையில் பதினைந்து வருடம் இருந்து நான் படித்தது அதுதான்: எந்தக் கேள்வியில் நிற்கிறது என்று பார்த்தால், பிழை எங்கே என்று அதுவே காட்டிக்கொடுக்கும். பார்க்காமல் திரும்பத் திரும்ப முதலிலிருந்து போடுகிறவர்கள்தான் விடிய விடிய இருப்பார்கள்.

முதலில் ஆளில்லாமல் போடுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் போடும்போது மொழி என்ன, எந்த வட்டு, எந்தப் பதிப்பு, பயனர் பெயர் என்ன என்று கேட்கும். அந்தப் பதில்களை எல்லாம் முன்கூட்டியே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி பென் டிரைவில் வைத்துவிடுகிறோம். நாங்கள் அதைப் பதில் கோப்பு என்போம். அதன் பெயர் ஓட்டோஅன்அட்டெண்ட் (autounattend.xml) என்று இடைவெளியில்லாமல் ஒரே சொல்லாக இருக்க வேண்டும், எந்த ஃபோல்டருக்குள்ளும் போகாமல் பென் டிரைவின் வெளிமட்டத்திலேயே கிடக்க வேண்டும்.

சரி, முதலாவது கணினி தொடக்கத்திலேயே மொழி கேட்டு நின்றது. இதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. ஒன்று, கோப்பை அது காணவே இல்லை. நோட்பாடில் எழுதிச் சேமிக்கும்போது பெயரின் கடைசியில் டெக்ஸ்ட் என்ற வால் ஒட்டிக்கொண்டிருக்கும். வால்களை மறைத்து வைத்திருப்பதால் நமக்குத் தெரியாது. மற்றது, கோப்பைக் கண்டது, ஆனால் அதில் எழுதிய மொழி பென் டிரைவில் உள்ள விண்டோஸில் இல்லை. அமெரிக்க ஆங்கிலம் என்று எழுதிவிட்டு பிரித்தானிய ஆங்கிலப் பிரதியைத் தரவிறக்கினால் இப்படித்தான். எது என்று அறிய, அந்தத் திரையை நீங்களே அழுத்தி விடுங்கள். அடுத்தவை தானாக ஓடினால் பெரும்பாலும் மொழிப் பிழை. அடுத்ததும் கேள்வி கேட்டால் கோப்பே கண்ணில் படவில்லை. எனக்கு வால் பிரச்சினை. வெட்கமாக இருந்தது, பெடியனுக்குச் சொல்லவில்லை.

பென் டிரைவிலிருந்து தொடங்க, விண்டோஸுக்கு முன்னமே எழும்பும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் தொடங்கும் ஒழுங்கை மாற்றாதீர்கள். பாதியில் கணினி ரீஸ்டார்ட் ஆகும். அப்போது பென் டிரைவ் முதலாவதாக இருந்தால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கிவிடும். ஒருமுறைக்கு மட்டும் தெரிவு செய்யும் பட்டியல் போதும். டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9.

இனி வட்டு. இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாப் பிழையும் நேரத்தைத்தான் தின்னும், இது ஆட்களின் வேலையைத் தின்னும். பதில் கோப்பில் "பூச்சியமாம் இலக்க வட்டை முழுவதும் அழித்துவிட்டுப் போடு" என்று எழுதுவதுதான் வழக்கம். எந்த வட்டு பூச்சியம்? நீங்கள் நினைக்கும் வட்டாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சில வருடங்களுக்கு முன் சுன்னாகத்தில் ஒரு கடையில் கணினிக்குள் இரண்டு வட்டு. விண்டோஸ் இருந்தது சிறிய என்விஎம்ஈ வட்டில், இருப்புக் கணக்கு எல்லாம் பழைய சாட்டா வட்டில். செட்டப் சாட்டாவைப் பூச்சியம் என்று எண்ணியது. நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்போது இரண்டு வருடக் கணக்கு போய்விட்டது. கடைக்கார அண்ணை ஒரு சொல்லும் பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அவருடைய மகள் மாதக் கடைசிகளில் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்ததால் மூன்று கிழமைக் கணக்கு மட்டும் போனதோடு தப்பினோம்.

அதற்குப் பிறகு வட்டுப் பகுதியை நான் கோப்பில் எழுதுவதே இல்லை. அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கட்டும் என்று விட்டுவிடுவேன். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு தரம் எழுந்து போக வேண்டும், போனால் என்ன? இரண்டு வட்டு உள்ள கணினி என்றால் தரவு வட்டின் வயரைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்குவேன். சந்தேகம் வந்தால் அந்தத் திரையில் ஷிஃப்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்துங்கள், கறுப்புத் திரை ஒன்று வரும். டிஸ்க்பார்ட் தட்டி, லிஸ்ட் டிஸ்க் தட்டினால் வட்டுகளின் அளவு தெரியும். அளவைப் பார்த்து எது எது என்று அடையாளம் காணலாம்.

வட்டே காட்டவில்லை என்றால் வட்டு செத்துவிட்டது என்று முடிவெடுக்காதீர்கள். இன்டெல் 11ஆம் தலைமுறையிலும் அதற்குப் பிந்தியவையிலும் பல, வட்டுகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற ஒன்றைப் பயாஸில் இயக்கி வைத்திருக்கும். அதற்கான டிரைவரைப் பென் டிரைவில் வைத்துக் கொடுக்க வேண்டும், அல்லது விஎம்டியை நிறுத்த வேண்டும். வட்டு காட்டுகிறது, ஆனால் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்தது என்று சொல்லி மறுக்கிறது என்றால், யூஈஎஃப்ஐ என்ற புதிய முறையில் தொடங்கிய கணினிக்கு ஜிபிடி முறையில் பிரித்த வட்டுத்தான் வேண்டும். உள்ளே இருப்பது தேவையில்லை என்று உறுதியான பின் பழைய பகுதிகளை எல்லாம் அழித்துவிட்டால் அது தானே பிரித்துக்கொள்ளும்.

இரண்டு மடிக்கணினிகளில் ப்ரோ பதிப்பைப் போட நினைத்தது ஹோம் பதிப்பாகப் போனது. கடையில் வாங்கும்போதே ஹோம் சாவி பயாஸுக்குள் பதிந்திருக்கும், செட்டப் அதை எடுத்துக்கொள்ளும். பதில் கோப்பில் ப்ரோவுக்கான பொதுச் சாவியை எழுதிவிட்டால் பதிப்புச் சரியாக வரும். அந்தச் சாவி பதிப்பைத் தெரிவு செய்யத்தான், உரிமம் தராது. உரிமம் வாங்க வேண்டும். "ஓம், வாங்கத்தான் வேண்டும் ஐயா" என்று இரண்டு தரம் சொன்னேன்.

அடுத்த பிழைதான் எனக்குப் பிடித்தது. கோப்புகள் எல்லாம் பிரதியாகி, ரீஸ்டார்ட் ஆகி, ஸ்பெஷலைஸ் என்ற கட்டத்தில் "பதில் கோப்பை வாசிக்க முடியவில்லை" என்ற பொருளில் ஒரு பெட்டி. சரி என்று அழுத்தினால் ரீஸ்டார்ட், மறுபடி அதே பெட்டி. இந்தக் கட்டத்தில்தான் கணினியின் பெயர் வைக்கப்படுகிறது. பெயர் 15 எழுத்தைத் தாண்டக்கூடாது, வெறும் இலக்கமாகவும் இருக்கக்கூடாது. பெடியன் கணினியின் பெயரோடு கந்தோரின் முழுப் பெயரையும் சேர்த்து 19 எழுத்து எழுதியிருந்தான். அதைத் திருத்தினால் மறு வழக்கு: கந்தோரின் பெயரில் "அன் கோ" வருகிறது, திருத்தும்போது அதை & என்ற குறியாக எழுதிவிட்டான். எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறி தனியாக வந்தால் முழுக் கோப்புமே உடைந்துவிடும். கோப்பை ஒருக்கா உலாவியில் திறந்து பாருங்கள். உடைந்திருந்தால் எந்த வரி என்று அதுவே சொல்லும். ஆனால் பெயரின் நீளத்தை அது சொல்லாது, நீங்கள்தான் எண்ண வேண்டும்.

ஊகிக்க முடியாவிட்டால் செட்டப் எழுதி வைக்கும் பதிவேட்டைப் பாருங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் பாந்தர் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் செட்டப்எர் என்ற கோப்பு சிறியது, பிழைகள் மட்டும். செட்டப்ஆக்ட் நீளமானது, கடைசியிலிருந்து மேலே வாசியுங்கள். வட்டுத் தெரிவுக்கு முன்னமே நின்றிருந்தால் அவை எக்ஸ் டிரைவில் இருக்கும். எக்ஸ் என்பது நினைவகம், கணினியை நிறுத்தினால் அழிந்துவிடும். ஆகவே நிறுத்த முதல் பென் டிரைவுக்குப் பிரதி எடுங்கள்.

கடைசியில் விண்டோஸ் 11 இணையம் கேட்டு நிற்கும். புதிய தாய்ப்பலகைகள் சிலவற்றுக்கு அதில் லான் டிரைவர் இருக்காது, வைஃபையும் காட்டாது. கைத்தொலைபேசியை யூஎஸ்பி வயரால் இணைத்து அதன் இணையத்தைப் பகிருங்கள், அது அநேகமாக டிரைவர் இல்லாமலே ஓடும்.

நேர வலயம் எழுதும்போது இலங்கை நேரம் என்றே எழுதுங்கள். இந்திய நேரமும் அதே 5.30தானே என்பீர்கள். 1996இல் நம் நாட்டு மணிக்கூட்டை 6.30க்கும் பிறகு 6க்கும் மாற்றி, 2006 ஏப்ரலில்தான் 5.30க்குத் திருப்பினார்கள். "புது நேரமா பழைய நேரமா" என்று கேட்டு வளர்ந்தவள் நான், அதனால் கொஞ்சம் கவனம். திகதியே பிழையாக வந்தால் பெரும்பாலும் தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 பற்றரி முடிந்துவிட்டது. திகதியைத் திருத்தும் வரை பாதுகாப்பான இணையத் தளங்கள் பெரும்பாலும் திறக்காது.

ஞாயிறு மதியம் ஏற்ற வேண்டியவற்றில் விண்டோஸ் ஏறிவிட்டது, வலையமைப்பு குழம்பிவிட்டது. ஐந்து கணினிக்குப் பிரின்டர் தெரிகிறது, மற்றவற்றுக்குத் தெரியவில்லை. இணையம் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் இருக்கிறது. புது விண்டோஸின் பிழை என்றான் பெடியன். ஒவ்வொன்றின் ஐபி முகவரியையும் எழுதச் சொன்னேன். சில 192.168.1 என்று தொடங்கின, சில 192.168.8 என்று. ஒன்று 169.254. கடைசியில் சொன்னது யாருமே முகவரி கொடுக்காததால் கணினி தானாக எடுத்துக்கொண்டது. வயரைப் பார்த்தேன், கிளிப் உடைந்து தொட்டும் தொடாமலும் நின்றது. மற்றது சுவாரசியம். ஃபைபர் போனால் உதவட்டும் என்று யாரோ ஒரு 4ஜி ரவுட்டரையும் அதே சுவிட்சில் செருகியிருந்தார்கள். இரண்டும் முகவரி கொடுக்கின்றன. எது முந்துகிறதோ அதன் பக்கம் கணினி போகிறது. பழைய விண்டோஸில் கணினிகள் முன்பு எடுத்த முகவரியையே புதுப்பித்து வந்ததால் அது இவ்வளவு நாளும் வெளியே தெரியவில்லை. 4ஜி ரவுட்டரில் முகவரி கொடுப்பதை நிறுத்தி, அதற்கு 192.168.1.2 என்று வைத்தேன். பிரின்டருக்கும் ஃபைபர் ரவுட்டரிலேயே ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டேன்.

சுவிட்சில் எல்லா விளக்கும் ஒன்றாகத் துடித்து, முழுக் கந்தோரும் படுத்துவிட்டால் ஒரே வயரின் இரண்டு முனையும் அதே சுவிட்சில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூட்டித் துடைக்க வருகிறவர்கள் தொங்கும் முனையை நல்லெண்ணத்தோடு செருகிவிடுவார்கள். கண்ணால் காண முடியாவிட்டால் பாதி வயர்களைக் கழற்றுங்கள், அப்புறம் மீதியில் பாதி. வேகம் 1000க்குப் பதில் 100 என்று காட்டினால் அநேகமாக எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று தொடவில்லை; 100க்கு நான்கு கம்பி போதும், 1000க்கு எட்டும் வேண்டும். முனையை வெட்டித் திரும்ப அடியுங்கள்: வெள்ளை செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம்.

திங்கள் காலை ஒன்பதரைக்குப் போன் வந்தது. போட்டோகொப்பி மெஷினில் ஸ்கேன் செய்தால் கணினிக்கு வரவில்லை. இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். புதிதாகப் போட்ட விண்டோஸ் வலையமைப்பைப் பொது இடம் என்று எடுத்துக்கொண்டு பகிர்வை மூடிவைக்கும். அதைத் தனிப்பட்டது என்று மாற்றினேன். அதோடு முடியவில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் ப்ரோ, கடவுச்சொல் இல்லாமல் வருகிற விருந்தாளியை ஏற்காது, கையொப்பமில்லாத இணைப்பையும் ஏற்காது. ஸ்கேனுக்கென்று கடவுச்சொல்லோடு ஒரு பயனரை உண்டாக்கிக் கொடுத்தேன். அப்போதும் வரவில்லை: மெஷின் பழையது, அதற்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை மட்டும். அந்தப் பழைய வழியைத் திறந்துவிடச் சொல்லி இணையத்தில் நிறைய அறிவுரை இருக்கிறது. செய்யாதீர்கள், அது ஓட்டை. மெஷினின் பட்டியலில் மின்னஞ்சலுக்கு அனுப்பும் வசதி இருந்தது, அதையே அமைத்தேன். "இது இன்னும் நல்லது பிள்ளை" என்றார் ஐயா.

பதினொராவது கணினி விண்டோஸ் 10இலேயே இருக்கிறது. அதில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, ஆனால் பழைய கணக்கு மென்பொருளும் டொட் மேட்ரிக்ஸ் பிரின்டரும் அதில்தான் ஓடுகின்றன. அதன் லான் வயரைக் கழற்றிச் சுருட்டி மேசைக்கு அடியில் கட்டிவிட்டு வந்தேன்.