மாரிக்கு முன்னம் ஒதுக்கும் காசு

கிளிநொச்சியில் சுவரோவியம், கோயில் வர்ணவேலை, கடைப் பலகை எல்லாம் செய்கிறேன். மாதச் சம்பளம் இல்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலை ஒட்டியும், ஆகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழாவை ஒட்டியும் வேலை குவியும். ஐப்பசியில் மாரி தொடங்கினால் ஈரச் சுவரில் பெயின்ற் பிடிக்காது.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐ எட்டியபோது வர்ண விலையும் தாறுமாறாக ஏறியது. அதற்குப் பிறகு காசை ஒதுக்க நான் பிடித்த முறை இது.

வேலை பேசும்போதே பாதிக் காசு முற்பணம். அது பொருள் வாங்க மட்டும். வீட்டுச் செலவுக்குத் தொடுவதில்லை. சொல்லும் விலை 14 நாளுக்குத்தான் என்று எழுதியும் கொடுக்கிறேன். மிச்சக் காசு முழுவதும் தனி வங்கிக் கணக்குக்குப் போகும். அதிலிருந்து மாதாமாதம் ஒரே தொகையைச் சம்பளமாக எடுக்கிறேன். எவ்வளவு? போன வருட வருமானத்தில் பொருட்செலவைக் கழித்து 12ஆல் பிரித்து, அதிலும் கொஞ்சம் குறைத்து. கை நிறையக் காசு இருக்கிற வைகாசியில் இதைக் கடைப்பிடிப்பதுதான் உண்மையில் கடினம். ஆனால் கார்த்திகையில் பிள்ளையின் ரியூசன் காசுக்குக் கடன் கேட்டு அலைய வேண்டியதில்லை.

சீட்டுப் பிடிக்கச் சொல்வார்கள். தவறாமல் கட்ட வருமானம் சீராக வரவேண்டும், எங்களுக்கு அது சரிவராது. வாரத் தவணை நுண்கடன் இன்னும் ஆபத்து. மாரியில் நான் உருவப்படங்களுக்கு முன்பதிவு எடுக்கிறேன். வீட்டு மேசையிலேயே வரையலாம், புலம்பெயர்ந்த உறவுகள்தான் அதிகம் கேட்கிறார்கள்.